வெண்குன்றும் பஸ் வண்டியும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென இதழாசிரியர் எழுதியபோது, எதனைப் பற்றி எழுதுவது என்ற கேள்வி எம்முன் எழுந்தது. அதிபர்களின் பெருமையை எழுதத் தக்கோர் எழுதுவர். கட்டடங்களின் வரலாற்றையும் விளையாட்டுப் போட்டிகளின் வெற்றி தோல்விகளையும் ஆண்டுவாரியாக நினைவில் வைத்திருப்போர் பலர் உளர். நாம் எழுதப் புகுவதோ கடலோரக் குன்றுகளின்மேல் நடப்பதைப் பற்றி. அதுவும் மோட்டார் வண்டியிற் செல்லாது, புகையிரதத்திலும் பஸ்ஸிலும் சென்று நடப்பதைப் பற்றி. கல்லூரி மலருக்கு இது ஏற்ற பொருளோ என ஐயுறும் அன்பர்கள் இறுதிவரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

நம்முட் கரும்பலகையின் முன் நின்று வெண்கட்டியாற் கை வெளுக்காதவர் எவருமிலர். கணக்குப் பிழைத்தவிடத்து அதே வெண்கட்டி ஆசிரியர் கையினின்றும் பறந்து வந்து நம் நெற்றியிற் பட்டதையும் நாம் மறந்தோமல்லோம். அந்த வெண்கட்டிக்கு ஆதியில் மூலமாயிருந்த வெண்சுண்ணப் பாறை, இங்கிலாந்தின் தென்கரையில், சசெக்ஸ் என்னும் பகுதியில், கடலினின்றும் செங்குத்தாக எழுந்து மதில்போல் நிற்கின்றது. எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பாசிகளின் ஓடுகள் கடலடியிற் படிந்து படிந்து உண்டான பாறை அது. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணக்கல்லாலாயது என்பதைப் பூமிசாத்திர வகுப்பிற் படித்தோம். நமது கல் வயதில் மிக இளையது. உயரத்திலும் மிகக் குறைந்தது. எனினும் கீரிமலைக் கரையின் சிறிய பாறை விளிம்பில் நின்று கடலை நோக்கியவர்க்குச் சசெக்ஸ் குன்று முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. தம்பியை அறிந்தவன் தமையனை முதன்முறை காண்பது போன்றதே அது.

இலண்டன் விக்டோரியா நிலையத்திற் புகையிரதம் ஏறி, லூயிஸ் என்னும் ஊரில் இறங்கி, வேறு வண்டிக்கு மாறினால், சிறிய கிளைப் பாதையொன்று நம்மைச் சீபோட் என்னும் கரையூரிற் கொண்டுபோய் விடும். 1864ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்த பாதை அது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. அங்கிருந்து கிழக்கு நோக்கிக் குன்றின்மேல் நடந்தால், ஏறத்தாழ 13 மைலில் ஈஸ்ற்போண் நகரை அடையலாம். இடையிற் கக்மியர் ஆறு, ஏழு சகோதரியர் எனப்படும் குன்றுத் தொடர், பேளிங் கப் என்னும் சிறு பள்ளம், அப்பால் 162 மீற்றர் உயர்ந்த பீச்சி முனை ஆகியன வரும். பிரித்தானியாவின் வெண்சுண்ணக் கடற்குன்றுகளுள் உயர்ந்தது இம்முனையே. ஈஸ்ற்போணில் நேரே இலண்டனுக்குப் புகையிரதம் உண்டு. ஓர் ஊரிற் புகையிரதத்தால் இறங்கி, மற்றோர் ஊரிற் புகையிரதத்தால் ஏறும்வரை, இடைப்பட்டதெல்லாம் நம் கால்களுக்கே உரியது.

இவ்வழகிய ஒழுங்கை நாம் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. அதனை நாணத்துடனேயே சொல்லுகின்றோம். இங்கிலாந்துக்கு வந்த காலத்தில் நாமும் மற்றையோரைப் போல மோட்டார் வண்டியிலேயே கடற்கரைக்குச் சென்றோம். வண்டியை நிறுத்தும் இடத்தில் நிறுத்தினோம். புட்டும் கறியும் நிறைந்த பாத்திரங்களை இறக்கி வைத்து உண்டோம். குன்றின் பக்கமாக முந்நூறு யார் நடந்து, படம் எடுத்து, குளிர்கின்றதெனக் கூறித் திரும்பி வந்து, வண்டிக்குள் இருந்தபடியே தேநீர் அருந்தினோம். மாலையில் நெரிசலிற் சிக்கி வீடு திரும்பியபின், ஏழு சகோதரியரைப் பார்த்துவிட்டோம் என்று நண்பர்க்குக் கூறினோம். உண்மையில் நாம் பார்த்தது வண்டிகள் நிறுத்தும் இடத்தையேயாம்.

எம்மைத் திருத்தியவர் நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர். ஊரிலே கணிதம் கற்பித்தவராதலின் இங்கும் அவரை மாஸ்ரர் என்றே அழைப்போம். வாழ்நாளில் மோட்டார் வண்டி ஓட்டப் பழகாதவர். முதியோர்க்குரிய இலவசப் பஸ் அனுமதி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கிலாந்தின் பாதியைக் கண்டவர். 2008ஆம் ஆண்டு முதல் ஓய்வூதிய வயதை அடைந்தோர் இங்கிலாந்து முழுவதிலும் உள்ளூர்ப் பஸ்களிற் காலை ஒன்பதரை மணிக்குப் பின் கட்டணமின்றிச் செல்லலாம் என்பதை எமக்குக் கூறியவர் அவரே. ஒருநாள் நாம், "மாஸ்ரர், வண்டியில்லாமல் குன்றுக்குப் போவது கரைச்சலல்லவா?" என்று கேட்டோம். அவர் சிரித்து, "வண்டி இருப்பவன் அந்த வண்டியிடம் திரும்பி வரவேண்டியவன். நான் திரும்பி வர வேண்டியதில்லை" என்றார்.

இம்மறுமொழியில் ஒரு கேத்திரகணித உண்மை அடங்கியுள்ளது. வண்டியிற் செல்பவன் நடக்கும் பாதை எப்பொழுதும் வட்டமாகவோ, சென்ற வழியே மீளும் கோடாகவோ இருத்தல் வேண்டும். கடற்குன்றோ வட்டமன்று, அது ஒரு கோடு. ஒரு முனையிற் தொடங்கி மறுமுனையில் முடிப்பவனுக்கே அது தன்னை முழுவதும் காட்டும். ஆகவே பஸ்ஸும் புகையிரதமும் வண்டியில்லாதவனுக்கு இரங்கி அளித்த பதிலிகள் அல்ல; குன்றின் இயல்புக்குப் பொருந்திய வாகனங்கள் அவையே. இதுவே இக்கட்டுரையில் நாம் நிறுவ விரும்பும் முதற் கருத்து.

சசெக்ஸ் கரையில் இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கலாம். பிறைற்றன் நகருக்கும் ஈஸ்ற்போணுக்கும் இடையே 12ஆம் இலக்கப் பஸ் ஓடுகின்றது. அது செல்லும் பெருந்தெரு குன்றின் விளிம்புக்கு உட்புறமாக, கரைக்கு ஒப்பச் செல்கின்றது. கக்மியர் ஆற்றின் கழிமுகத்திற் பாலமில்லை. நடப்பவர் உட்புறமாக எக்சீற் பாலம் வரை வந்தே ஆற்றைக் கடத்தல் வேண்டும். அப்பாலத்தருகே பஸ் தரிப்பு உண்டு. பேளிங் கப்பிலிருந்து ஒரு மைல் உள்ளே நடந்தால் ஈஸ்ற் டீன் என்னும் சிற்றூரில் மீண்டும் அதே பஸ்ஸைப் பிடிக்கலாம். ஆகவே 13 மைல் வழி, ஏறத்தாழ நான்கு மைலளவான மூன்று பகுதிகளாகத் தானே பிரிந்து கிடக்கின்றது. இளைஞர் முழுவதையும் நடக்கலாம். முழங்கால் நோவுள்ளவர் முதற்பகுதியோடு நிறுத்தலாம். மழை பிடித்துக்கொண்டால் இரண்டாம் பகுதியில் விலகலாம். ஒருவர் களைப்பால் எல்லோரும் திரும்ப வேண்டியதில்லை. வண்டியிற் சென்ற குடும்பத்தில் ஒருவர் களைத்தால் அனைவர் நடையும் அத்தோடு முடிந்துவிடும்.

மாஸ்ரர் எமக்குக் கற்பித்த விதிகள் சில உள. அவற்றை இளைய அன்பர்கள் பொருட்டு இங்குத் தருகின்றோம். முதலாவது விதி, கடைசிப் பஸ்ஸின் நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளல். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே புறப்படும் நேரத்தை நிச்சயிக்க வேண்டும். இரண்டாவது, காற்றை முதுகுப்புறம் வைத்துக்கொள்ளல். அக்கரையிற் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தே காற்று வீசுமாதலின், சீபோட்டிலிருந்து கிழக்கே நடப்பதே அறிவு. பிற்பகல் வெயிலும் அப்போது முகத்திற் படாது. மூன்றாவது, ஞாயிறு நேரசூசி வேறு, வாரநாள் நேரசூசி வேறு என்பதை மறவாமை. குன்றின் மேலேயே பீச்சி முனை வழியாகச் செல்லும் பஸ்ஸும் உண்டு. ஆனால் அது எல்லா நாளும் எல்லாப் பருவத்திலும் ஓடுவதன்று. நான்காவது விதி யாவற்றிலும் பெரிது. அதனைத் தனியே கூறுதல் வேண்டும்.

விளிம்பை அணுகாதே என்பதே அவ்விதி. வெண்சுண்ணக் குன்று நாள்தோறும் இடிந்துகொண்டிருப்பது. அலை அடியை அரிக்க, மேற்பகுதி தாங்குவாரின்றி முன்நீண்டு நிற்கும். மேலே பசும்புல்லின் மீது நிற்பவனுக்குத் தன் காலின் கீழ்ப் பாறை உண்டா இல்லையா என்பது தெரியாது. பேளிங் கப்பிற் கரை ஆண்டொன்றுக்குச் சராசரியாக இரண்டடி அளவு பின்வாங்குகின்றது. அங்கு 19ஆம் நூற்றாண்டில் வரிசையாகக் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டுக் குறைந்துவிட்டன. பெல் தூட் என்னும் பழைய கலங்கரை விளக்கத்தை, விளிம்பு நெருங்கி வந்தமையால், 1999ஆம் ஆண்டிற் கட்டடத்தோடு பெயர்த்து 17 மீற்றர் உள்ளே நகர்த்தினர். 2017ஆம் ஆண்டில், இங்கிலாந்துக்குப் படிக்க வந்த வெளிநாட்டு மாணவியொருவர் படத்துக்காக விளிம்பருகே துள்ளியபோது வீழ்ந்து இறந்தார். அக்குன்றுகள் இவ்வளவு தூய வெண்மையாக இருப்பதற்குக் காரணமே அவை ஓயாது இடிந்து புதிய முகம் காட்டுவதுதான். அவ்வழகும் அவ்வாபத்தும் ஒரே காரணத்தினின்றும் பிறந்தவை.

குன்றின் அடிவாரத்திற் கடற்கரையோடு நடப்பதும் அவ்வாறே அஞ்சத்தக்கது. இங்கு நம்மவர்க்குச் சிறப்பாகக் கூறவேண்டியது ஒன்றுண்டு. நாம் கடலருகே பிறந்தவர்கள். கடல் எமக்குத் தெரியும் என்ற எண்ணம் நம் நெஞ்சில் வேரூன்றியுள்ளது. நாம் அறிந்த கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயுள்ள வேறுபாடு இரண்டடி அளவினது. சசெக்ஸ் கரையிலோ உவாக் காலத்து வேறுபாடு ஏறத்தாழ 20 அடி. காலையில் அரை மைல் மணலாகக் கிடந்த இடம் பிற்பகலில் ஆள் மூழ்கும் கடலாகும். குன்றின் அடியில் நடப்பவன் திரும்பும் வழியின்றி நீருக்கும் பாறைக்கும் இடையே அகப்படுவான். மேலே ஏறத்தக்க இடங்கள் மிகச் சில.

2016ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம், இதே கிழக்குச் சசெக்ஸ் கரையில், கேம்பர் என்னும் மணற்கரையில், இலண்டனில் வாழ்ந்த நம்மவரான இளைஞர் ஐவர் ஒரே நாளிற் கடலில் மாண்டனர். அச்செய்தி வந்த மாலை எத்தனை வீடுகளில் அடுப்பெரியவில்லை என்பதை நாம் அறிவோம். அதன்பின் சில பெற்றோர், பிள்ளைகளே, கடற்கரைப் பக்கம் போகவேண்டாம் என்று தடுத்தனர். அவர்தம் துயரை நாம் மதிக்கின்றோம். ஆனால் அத்தடையை ஏற்கமாட்டோம். அறியாமைக்கு மருந்து விலக்கன்று, அறிவே மருந்து. வற்றுப் பெருக்கு அட்டவணையை வாசிக்கத் தெரிந்த பிள்ளை, அதனை ஒருபோதும் காணாத பிள்ளையிலும் பாதுகாப்பானவன். பஸ் நேரசூசியையும் கடல் அட்டவணையையும் ஒருங்கே வைத்து ஒரு நாளைத் திட்டமிடும் மாணவன், நாம் பாடசாலையிற் பெறாத ஒரு கல்வியைப் பெறுகின்றான். இது எமது இரண்டாவது கருத்து.

இனி மூன்றாவது கருத்து. குன்றின்மேல் இன்று யாவரும் நடக்கும் பாதை இயற்கையாக வந்ததன்று. இங்கிலாந்தில் நிலமெல்லாம் ஒருவர்க்கு உடைமை. நடப்பவர் உரிமை, கேட்டும் போராடியும் பெற்றதேயாம். 1932ஆம் ஆண்டிற் கிண்டர் ஸ்கவுற் என்னும் மலைவெளியிற் தடையை மீறி நடந்தோர் நூற்றுக்கணக்கானோர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடப்பதற்குமான சட்டம் வந்தது. 1970ஆம் ஆண்டில் வேல்சின் பெம்புறோக்சயர்க் கரையில் 186 மைல் நடைபாதை திறக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் கரை முழுவதற்கும் பாதை அமைக்க வழி வகுத்தது. 2012ஆம் ஆண்டில் வேல்சின் கரை முழுவதும், 870 மைல், ஒரே பாதையாயிற்று.

சசெக்சிலும் இவ்வாறே. 1920களில் வீடு கட்டி விற்போர் ஏழு சகோதரியரின் மேல் மனைகள் வகுக்க முற்பட்டபோது, பொதுமக்கள் பணம் சேர்த்து நிலத்தை வாங்கிக் காத்தனர். ஈஸ்ற்போண் நகரசபை 1926ஆம் ஆண்டின் சட்டமொன்றின் துணையுடன் பீச்சி முனையைச் சூழ்ந்த மேட்டுநிலத்தைப் பொதுநன்மைக்கென வாங்கிற்று. 2016, 2017ஆம் ஆண்டுகளில் அந்நிலத்தின் சில பண்ணைகளை விற்கும் யோசனை எழுந்தபோது ஊரவர் எதிர்த்து நின்றனர், யோசனை கைவிடப்பட்டது. அப்பாட்டன்மார் வாங்கி வைத்ததைப் பேரர் விற்கவிடவில்லை. பொதுச் சொத்து என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக விளக்கல் அரிது.

ஆனால் பாதை மட்டும் பொதுவாக இருந்தாற் போதுமா? பாதையின் தொடக்கத்துக்குச் செல்ல வண்டி உடையவனால் மட்டுமே இயலுமாயின், அவ்வுரிமை வண்டி உடையவனின் உரிமையாகிவிடும். நடக்கும் உரிமையைச் சட்டம் தரலாம். அவ்வுரிமையைக் கைக்குக் கொண்டுவந்து தருவது பஸ் வண்டியே. இலண்டனுக்கு வெளியே பஸ் சேவை 1986ஆம் ஆண்டு முதல் தனியார் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. இலாபமுள்ள வழியிற் பஸ்கள் மிகுந்தன. இலாபமற்ற நாட்டுப்புற வழியிற் குறைந்தன. இத்தகைய வழிகளில் உள்ளூராட்சியின் பணமின்றிப் பஸ் நிலைப்பது அரிது. பெம்புறோக்சயர்க் கரையில் அவ்வாறான ஆதரவுடன் சிறிய பஸ்கள் ஓடுகின்றன. பாதுகாப்பான இடத்தில் நின்று கையைக் காட்டினால், நம் ஊர்ச் சாரதிகளைப் போலவே நிறுத்தி ஏற்றிச் செல்வர். 2023ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பஸ் கட்டணம் ஒரு வழிக்கு 2 பவுணுக்கு மேற்படலாகாதென அரசு வரையறுத்தது. 2025இல் அவ்வரம்பு 3 பவுணாயிற்று. அப்போதும் நால்வர் குடும்பமொன்று குன்றைக் காண்பதற்கு அது தாங்கத்தக்க தொகையே.

நாம் இலங்கையர், இதனை விளங்கிக்கொள்ள நமக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பஸ் சேவை நாட்டுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்ததை நம் மூத்தோர் நேரிற் கண்டனர். கிராமத்துக்கு ஒரு பஸ் வந்தபின்னரே பல மாணவர் நம் கல்லூரி வாயிலைக் கண்டனர் என்பதை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பஸ் நின்றுவிட்ட ஊரின் நிலையையும் நாம் அறிவோம்.

பஸ்ஸைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் நாம் நேர்மையற்றவராவோம். ஒருநாள் மாலை, நடை முடித்து, நனைந்த சப்பாத்துக்களுடன் தரிப்பில் நின்றோம். அட்டவணையிற் கண்ட பஸ் வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. மழைக்கு ஒதுங்கக் கூரையுமில்லை. மணி ஒன்று கழிந்தபின் வந்த பஸ்ஸின் சாரதி, தமக்கு ஒன்றும் தெரியாதென்றார். எம்முடன் வந்த அன்பர் ஒருவர், இதற்காகவே மனிதன் மோட்டார் வண்டி வாங்கினான் என்று கடிந்துகொண்டார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் மாஸ்ரர் அன்றிரவே அக்கம்பனிக்கு நேரம், இடம், வழி இலக்கம் யாவும் குறித்துக் கடிதம் எழுதினார். இரு வாரத்தில் மன்னிப்பும் காரணமும் கூறி மறுமொழி வந்தது. "குறை சொல்லாமல் விலகிப் போகிறவன்தான் பஸ்ஸை நிறுத்துகிறான், கொம்பனி அல்ல" என்பது அவர் முடிவு. வெறுமையாக ஓடும் வண்டியை நிறுத்தல் எளிது; நிறைந்து ஓடும் வண்டியை நிறுத்த எவரும் துணியார். ஆகவே பஸ்ஸில் ஏறுவதே அதனைக் காக்கும் முதல் வழி.

நிற்க. நம்மவருட் பலர் இந்நடைகளுக்கு ஏன் வருவதில்லை? நேரமில்லை என்பர், சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, ஞாயிறு கோயில், இடையே பிள்ளைகளின் ரியூசன் என்பர். குளிர் என்பர். இவை யாவும் மெய்யே. ஆனால் இவற்றின் கீழே சொல்லப்படாத காரணமொன்று உண்டென நாம் எண்ணுகின்றோம். இந்தக் குன்றும் புல்வெளியும் அவர்களுடையவை. நாம் வேலைக்கு வந்தவர்கள். நகரமே நமக்குரியது என்ற கூச்சமே அது. மாஸ்ரருடன் முதன்முறை நடந்தபோது எமக்கும் அக்கூச்சம் இருந்தது. சேலையின் மேற் குளிர்ச்சட்டை அணிந்த எம் இல்லாளைக் கண்டு எவரேனும் சிரிப்பரோ என அஞ்சினோம். எதிர்ப்பட்டோர் ஒவ்வொருவரும் வணக்கம் கூறிச் சென்றனர். ஒருவர் நின்று, மேலே கண்ணுக்கெட்டாத உயரத்திற் பாடிக்கொண்டிருந்த வானம்பாடியைச் சுட்டிக் காட்டினார். வரி செலுத்தும் நாட்டிற் பொதுப்பாதை நம்முடையதுமாம். அதனைப் பயன்படுத்தாது விடுபவன் தன் உரிமையைத் தானே பூட்டி வைக்கின்றான்.

பாதை பூட்டப்படுதல் என்பது நமக்கு வெறும் உவமையன்று. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின், அவ்வடகரையின் பல பகுதிகள் நெடுங்காலம் மூடப்பட்டுக் கிடந்தன. பின்னரே பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. தம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலிருந்த கடலைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. அதே 1990இல் நின்ற யாழ்ப்பாணப் புகையிரதம், 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இற் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தபோது, தண்டவாளத்தருகே நின்று கண்ணீர் விட்ட முதியவரை நாம் கண்டோம். கரையும் வழியும் வண்டியும் ஒருங்கே இழந்து ஒருங்கே திரும்பப் பெற்றவர்கள் நாம். பிறர் இவற்றை இயல்பாகக் கிடைத்தவை எனக் கருதலாம். நாம் அவ்வாறு கருதலாகாது.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். இலண்டன் போன்ற நகரங்களிலுள்ள கிளைகள் ஆண்டுதோறும் இராப்போசன விருந்தும் கிரிக்கெற் போட்டியும் நடத்துகின்றன. அவை தொடர்ந்து நடக்கட்டும். அவற்றுடன் ஆண்டுக்கு ஒருநாள், வைகாசி அல்லது ஆனி மாதத்தில், கல்லூரியின் பெயரால் ஒரு நடை நடத்துக. மண்டபச் செலவு இல்லை, ஒலிபெருக்கி இல்லை, தலைமையுரையும் இல்லை. புகையிரதத்திற் சென்று, மூன்று பகுதிகளில் இயன்ற பகுதியை நடந்து, பஸ்ஸில் மீள்க. எண்பது வயதினரும் எட்டு வயதினரும் ஒரே நாளிற் கலந்துகொள்ள அதற்கு இடமுண்டு. மண்டபத்திற் பெரியோர் ஒரு மேசையிலும் இளையோர் மறு மேசையிலும் அமர்கின்றனர். குன்றின்மேல் அவ்வாறு அமர மேசை இல்லை. நம் பிள்ளைகளுக்கு நம் கல்லூரிக் கதைகளைச் சொல்ல நான்கு மைல் நடையிலும் சிறந்த வகுப்பறை எமக்குத் தெரியவில்லை.

ஊரிலுள்ள மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். நம் நாட்டிலே கடற்குன்று வேண்டுமாயின் திருகோணமலை உண்டு. கோணேசர் எழுந்தருளிய சுவாமி மலையும் இராவணன் வெட்டும் காண அங்குச் செல்பவர் பலர். நம் முன்னோர் நேரசூசி பாராது கால்நடையாகவே தலயாத்திரை செய்தவர்கள். நடை நமக்குப் புதிதன்று. கல்லூரிச் சுற்றுலாவுக்கு வாடகை வண்டி அமர்த்தி, வாசலில் ஏறி வாசலில் இறங்கி வருவதிலும், புகையிரதத்திலும் பஸ்ஸிலும் சென்று, மாணவரையே நேரசூசி பார்த்து வழி வகுக்கச் செய்தல் சிறந்த கல்வியாகும். தவறினால் ஒரு பஸ் தவறும், கற்றது தவறாது.

மாஸ்ரர் சென்ற ஆண்டு முழங்காற் சத்திர சிகிச்சை செய்துகொண்டார். இவ்வைகாசியில் நாம் நடந்தபோது அவர் பஸ்ஸிலேயே எமக்கு முன்னாற் சென்று, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தரிப்பருகே காத்திருந்தார். எக்சீற் பாலத்தில் நாம் வந்து சேர்ந்தபோது அவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பன்னிரண்டு நிமிடம் பிந்திவிட்டீர்கள்" என்றார். பின்னர், வரும் வழியிற் கண்டவற்றை ஒன்றுவிடாமற் கேட்டார். சகோதரியரின் மேல் மேகநிழல் எவ்வாறு சென்றது, ஆற்றில் நீர் வற்றா பெருக்கா, வானம்பாடி பாடியதா என்றெல்லாம் வினவினார். கூறினோம். அடுத்த பஸ் பத்து நிமிடத்தில் வருமென அவர் சொன்னார். அது அவ்வாறே வந்தது.